தண்ணீர் குடிக்கிற லாரி

லாரிக்காரர்கள் யாரும் ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. “வண்டி தண்ணி குடிக்குது” என்பார்கள். அன்றைக்கு ஷெட்டுக்கு லாரி கொண்டுவந்த மனிதரும் அப்படித்தான் சொன்னார். சொல்லும்போது லாரியைத் தாண்டி நாலு எட்டு தள்ளி வந்து, குரலையும் இறக்கிக்கொண்டார். வீட்டில் படுத்திருக்கும் ஆளின் காதில் விழாமல் டாக்டரிடம் பேசுகிறவர்போல இருந்தது எனக்கு.

நான் அப்போது பொம்மனஹள்ளியில் ஒரு லாரி ஷெட்டில் இருந்தேன். ஓசூர் ரோட்டில் மெட்ரோ தூண்களை விட்டு உள்ளே திரும்பி, கிரானைட் அறுக்கிற இடம் தாண்டினால் ஷெட். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். திருப்பூரில் பனியன் கம்பெனி, சூரத்தில் தறி, மங்களூரில் மீன் படகில் எஞ்சின் வேலை என்று சுற்றி, எங்கேயும் கால் நிற்காமல், ஒரு மழைக்காலத்தில் இங்கே வந்து சேர்ந்திருந்தேன். படுக்கை ஷெட்டுக்குள்ளேயே. பழைய டயர்களை அடுக்கி, மேலே அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் போட்டால் மெத்தைதான். மேற்கிலிருந்து சாரல் அடித்தால் கிழக்குப் பக்கம் மாறிக்கொள்வேன்.

ஷெட் பிரேசர் டவுனிலிருந்து ஸ்கூட்டரில் வருகிற ஒரு பாயுடையது. தமிழும் உருதும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் சுத்தமான தமிழ் வரும்.

வந்த லாரி பழையதுதான், ஆனால் அழுக்கில்லை. கேபினுக்குள் எட்டிப்பார்த்தால் ஒரு குடித்தனமே இருந்தது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கோரைப்பாய், தலையணை, ஒரு குட்டி கேஸ் அடுப்பு, கவிழ்த்துவைத்த பாத்திரங்கள். அந்த அண்ணன்தான் முதலாளியும் டிரைவரும். தர்மபுரிப் பக்கத்துக்காரர். கூடவே அவர் மனைவியும் இறங்கினார். இறங்கியதும் கல் எடுத்துப் பின் சக்கரத்துக்கு அணை வைத்தது அவர்தான். அண்ணன் குனியவில்லை. அதை நான் கவனித்தேன், ஆனால் அப்போது அதற்கு அர்த்தம் எதுவும் தோன்றவில்லை.

“எவ்வளவு குடிக்குது?” என்றார் பாய்.

“தினம் காலையில ஒரு பாட்டில், ரெண்டு பாட்டில். கொஞ்ச நாளா அப்படித்தான். முதல்ல கூலண்ட் ஊத்திப் பார்த்தேன். அப்புறம் வெறும் தண்ணிதான்.”

“கீழ சொட்டுதா?”

“ஒரு சொட்டு இல்ல பாய். அதான் எனக்குத் தூக்கம் வரல. போற தண்ணி எங்கதான் போகுது?”

சொட்டினால் பிரச்சினையே இல்லை. சொட்டுகிற இடத்தைப் பார்த்து அடைக்கலாம். சொட்டாமல் போகிற தண்ணீர்தான் ஆளைக் கொல்லும். அட்டையைப் போட்டு லாரிக்கு அடியில் படுத்தேன். ஹோஸ் ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பார்த்தேன். காய்ந்து கிடந்தன. வாட்டர் பம்புக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், உள்ளே சீல் போனால் அதன் வழியாகக் கசியும். அங்கேயும் தூசிதான். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். தண்ணீர் கலந்தால் ஆயில் பால் விட்ட காப்பி நிறத்துக்கு மாறும். கருப்பாகவே இருந்தது. எஞ்சினை ஓடவிட்டு சைலன்சர் வாயில் உள்ளங்கையைப் பிடித்தேன். வெள்ளைப் புகை இல்லை, கையில் ஈரமும் இல்லை.

ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் கைப்பம்பை மாட்டிக் காற்றடித்தோம். பம்பு மீட்டரின் முள் ஏறி நின்றது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக இறங்கியது. எங்கோ போகிறது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

பம்பைக் கழற்றிவிட்டு உள்ளே டார்ச் அடித்துப் பார்த்த பாய் தலையை நிமிர்த்தினார். “இது என்னா கலரு?”

அண்ணன் லாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மனைவி சொன்னார், “மஞ்சத்தூள்.”

“அரே! ரேடியேட்டர்ல குழம்பு வெக்கிறீங்களா? உப்பு போட்டாச்சா?”

“எல்லாரும் போடறதுதானே பாய்,” என்றார் அண்ணன். “சின்ன ஓட்டையா இருந்தா அடைச்சிக்கும்.”

“எல்லாரும் போடுவாங்க. அப்புறம் எல்லாரும் என்கிட்ட வருவாங்க.”

அது லாரிக்காரர்களிடம் இருக்கிற வழக்கம். ரேடியேட்டர் லேசாகக் கசிந்தால் ஒரு கை மஞ்சள்தூள் போடுவார்கள். அது போய் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும், ஊர் போய்ச் சேரலாம். ஓட்டை எங்கே என்றே தெரியாத வண்டிக்குப் போட்டது இவர்தான். பதற்றத்தில் பொட்டலம் முழுவதையும் கொட்டியிருந்தார்.

பாய் எஞ்சினை மறுபடி ஓடவிடச் சொல்லி, திறந்த ரேடியேட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். மஞ்சள் தண்ணீரில் குமிழ்கள் வந்தன. ஒன்று, பிறகு கொத்தாக, பிறகு நிற்காமல்.

“நோடு, பாரு,” என்றார் என்னிடம். “கேஸ் தண்ணிக்குள்ள வருது. ஹெட் கேஸ்கெட். இல்லேன்னா லைனர்ல ஓட்டை.” அண்ணனிடம் திரும்பினார். “நாளைக்கு ஹெட்டைத் தூக்கணும். லைனரா இருந்தா மொத்த எஞ்சினும் இறங்கும்ணா. இப்பவே சொல்லிட்டேன்.”

லைனர் என்றால் உள்ளே பிஸ்டன் ஓடுகிற குழல், ஹெட் என்றால் எஞ்சினின் மேல்மூடி. அதற்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே உள்ள கேஸ்கெட் தகடு எரிந்துபோனால் உள்ளே வெடிக்கிற புகை தண்ணீருக்குள் புகுந்து இப்படித்தான் குமிழ் விடும். பாய் சொன்னதில் தப்பு சொல்ல முடியாது. அண்ணன் தலையை ஆட்டினார். போய் லாரியின் முன்பக்கம் சாய்ந்து நின்றுகொண்டார். ஒரு கை கிரில்லின் மேல் இருந்தது.

மத்தியானம் அண்ணன் கண்ணயர்ந்த நேரத்தில் அவர் மனைவி, அந்த அக்கா, என்னைக் கூப்பிட்டார். லாரி நிழலில் அடுப்பு வைத்து ரசம் காய்ச்சியிருந்தார். சோறு போட்டு எனக்கும் ஒரு தட்டு நீட்டினார். ஷெட்டில் வேலை செய்கிறவனுக்கு யாரும் தட்டில் சோறு போட்டுத் தருவதில்லை. பொட்டலம் வாங்கிக் கொடுப்பார்கள். எனக்கு எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்றே சட்டென்று தெரியவில்லை.

“தம்பி, எஞ்சின் போச்சுன்னு சொல்லிடுங்க.”

நான் தட்டிலிருந்து கையை எடுத்தேன்.

“சாப்பிடுங்க, சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க. அவருக்கு நெஞ்சுல அடைப்புன்னு குழாய் வெச்சிருக்கு. டாக்டர் வண்டியே ஓட்டாதீங்கன்னாரு. ஆஸ்பத்திரியில கண்ணத் தொறந்ததும் என்ன கேட்டாரு தெரியுமா? பேட்டரி இறங்கிடப் போகுது, யாரையாவது ஸ்டார்ட் பண்ணி வைக்கச் சொல்லுன்னாரு. நான் பக்கத்துல நிக்கறேன், என்னை எப்படி இருக்கன்னு கேக்கல.”

அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நின்றுவிட்டது.

“தனியா விட மனசில்லாமதான் நானும் பாத்திரத்தைத் தூக்கிட்டு ஏறிட்டேன். பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு, வேலூர்ல இருக்கா. இங்க பின்னால தெருவுல ஒரு ரூம் எடுத்து வெச்சிருக்கோம், பூட்டியே கெடக்கு. போன வாரம் தொப்பூர் இறக்கத்துல வர்றோம். ஒரு கை ஸ்டியரிங்ல. இன்னொரு கையை இங்க வெச்சி அழுத்திக்கிட்டே ஓட்டறாரு.” தன் மார்பைக் காட்டினார். “என்னன்னு கேட்டா, சட்டை பட்டன் உறுத்துதுங்கறாரு. சட்டையில அந்த இடத்துல பட்டனே இல்ல தம்பி.”

“பாய் ஹெட்டைத் தூக்கிப் பார்த்துட்டு...”

“தூக்கிப் பார்த்து, சின்னதா இருந்தாலும் பெருசுன்னு சொல்லுங்க. எஞ்சின் போச்சு, இனிமே செலவு பண்றது வீண்னு சொன்னா வித்துடுவாரு. வேற எப்படியும் இவரை இறக்க முடியாது.”

நான் சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எந்த ஊரையும் எந்த வேலையையும் விட்டு வர எனக்கு ஒரு பை போதும். ஒரு மனிதன் இரும்பை விட்டு இறங்க முடியாமல் இருப்பது எனக்கு அப்போது விளங்காத விஷயம். ஆனால் அந்த அக்கா கேட்டதில் தப்பு இருப்பதாகத் தோன்றவில்லை. தட்டைக் கழுவப் போனபோது பிடுங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் விடிந்து, தெருவில் பால் வண்டி போன பிறகு, புஸ்ஸென்று காற்று பிரியும் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினேன். அக்கா லாரிக்கு அடியில் குனிந்திருந்தார்.

பெரிய லாரிகளுக்கு பிரேக் காற்றில் வேலை செய்யும். எஞ்சினோடு ஒட்டிய கம்ப்ரஸர் காற்றை இழுத்து டேங்குகளில் நிரப்பும். காற்றோடு கொஞ்சம் ஈரமும் சேர்ந்து டேங்கின் அடியில் தங்கும் என்பதால், தினம் காலையில் டேங்குக்கு அடியில் தொங்குகிற வளையத்தை இழுத்து அதை வெளியே விட வேண்டும். எல்லா டிரைவரும் செய்கிற வேலைதான். இவர் குனியக் கூடாது என்பதால் அந்த வேலையை அக்கா எடுத்துக்கொண்டிருந்தார். லாரி ஷெட்டில் நின்றாலும் பழக்கம் விடவில்லை.

நான் பல் தேய்க்கப் போகிற வழியில் பார்த்தேன். வழக்கமாக அந்த ஓட்டையிலிருந்து பிசுபிசுவென்று ஒரு வாய் தண்ணீர் துப்பும், அவ்வளவுதான். இங்கே காற்று போன பிறகும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. மண்ணில் குட்டையாகத் தேங்கியது.

“அக்கா, தினமும் இவ்வளவு வருமா?”

“வரும் தம்பி. மழைக்காலமாச்சே. இப்ப கொஞ்ச நாளா துரு வேற கலந்து வருது. பழைய டேங்கு.”

உட்கார்ந்து அந்தத் தண்ணீரை விரலால் தொட்டேன். ஆயில் வழவழப்பு இருந்தது. பழுப்பு மாதிரி தெரிந்தது, கையில் எடுத்தால் பழுப்பில்லை. விரலை அவரிடம் நீட்டினேன். “மோந்து பாருங்க.”

குனிந்து மோந்தார். துருவின் வாசனை எனக்குத் தெரியும். மஞ்சளின் வாசனையை அவருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

“இது ரேடியேட்டர் தண்ணிக்கா. கம்ப்ரஸர் சூடாகாம இருக்க அதைச் சுத்தியும் ரேடியேட்டர் தண்ணி ஓடும். அதோட மூடியில எங்கயோ விரிஞ்சிருக்கு. அந்த விரிசல் வழியா தண்ணி காத்தோட சேர்ந்து டேங்குக்கு வருது. காத்து அந்தப் பக்கம் போயி ரேடியேட்டர்ல குமிழ் விடுது.”

“அப்ப எஞ்சின்?”

“எஞ்சினுக்கு ஒண்ணும் இல்ல.”

அவர் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஷெட்டில் வேறு யாரும் இல்லை. பாய் வர நேரமிருந்தது. அண்ணன் தெருமுனைக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

“நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லல,” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்புக் காலால் பக்கத்து மண்ணை அந்தத் தண்ணீரின் மேல் தள்ளினார். ஒரு தடவை, இன்னொரு தடவை. மஞ்சள் மறைந்து வெறும் ஈரமண்ணாக ஆனது. நானும் எழுந்து நின்றேன். அந்த மண்ணைப் பற்றி யாரிடமும் பேசப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அதுவும் ஒரு உதவிதான் என்று நினைத்தேன்.

அண்ணன் துண்டால் முகம் துடைத்தபடி வந்தார். எங்களைப் பார்க்காமல் நேராக லாரியின் முன்னால் போய் நின்றார். பிறகு சின்ன ஸ்டூலைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, கிரில்லின் இடுக்குகளில் ஒட்டியிருந்த பூச்சிகளை ஒரு குச்சியால் ஒவ்வொன்றாகத் தட்டிவிட ஆரம்பித்தார். சற்று நேரத்தில் பிரிக்கப்படப்போகிற எஞ்சினுக்கு முன்னால் உட்கார்ந்து அதைச் செய்துகொண்டிருந்தார். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்.

அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சனியன் பிடிச்ச மனுஷன்,” என்று முணுமுணுத்தார். பிறகு குரலை உயர்த்திக் கூப்பிட்டார்.

“ஏங்க. இங்க வாங்க. தண்ணி எங்க போகுதுன்னு தெரிஞ்சிடுச்சி.”

காலால் தள்ளிய மண்ணைக் கையால் விலக்கி அவரே காட்டினார். அண்ணன் குனியாமல் நின்று பார்த்தார். நான் விளக்கத் தொடங்குவதற்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது.

“எவ்வளவு நாளா இப்படி வருது?”

“அதெல்லாம் ரொம்ப நாளா. நான்தான் மழைத்தண்ணின்னு நினைச்சி தொறந்து விட்டுக்கிட்டே இருந்திருக்கேன்.”

“ஏண்டி சொல்லல?”

“நீங்க ரேடியேட்டர்ல குறையுதுன்னீங்க. இது காத்து டேங்கு. இதுக்கும் அதுக்கும் என்னா சம்பந்தம்னு எனக்கு யாரு சொன்னா?”

அண்ணன் அவரைப் பார்த்தார், டேங்கைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் சிரித்தார், அக்கா பயந்துபோய்க் கையைப் பிடித்தார்.

“நான் காலையில எழுந்து மேல ஊத்தறேன். நீ காலையில எழுந்து கீழ தொறந்து விடற. நல்ல குடும்பம்டி!”

நெஞ்சு சரியாக இருந்தவரை இரண்டு வேலையையும் ஒரே ஆள்தான் செய்திருப்பார். அப்போது முதல் நாளே தெரிந்திருக்கும். இப்போது அவர் ஊற்றுவது மட்டும் பார்த்தார், அக்கா வடிவது மட்டும் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே கேபினில் தூங்கி எழுந்தும் இதைப் பேசிக்கொள்ளவில்லை.

பாய் வந்ததும் சொன்னோம். நம்பவில்லை. கம்ப்ரஸருக்குப் போகிற தண்ணீர்க் குழாய், வருகிற குழாய் இரண்டையும் கழற்றி, ஒரு துண்டுப் பைப்பால் ஒன்றோடொன்று இணைத்தோம். இனித் தண்ணீர் கம்ப்ரஸர் பக்கமே போகாது. எஞ்சினை ஓடவிட்டு ரேடியேட்டருக்குள் பார்த்தோம். ஒரு குமிழ் இல்லை. மஞ்சள் தண்ணீர் அசையாமல் கிடந்தது.

“ஹோக்லி, போகட்டும்,” என்றார் பாய். “ஹெட் பொழச்சது.” அக்காவிடம் திரும்பி, “நீங்க மெக்கானிக் வேலைக்கு வந்துடுங்கம்மா. இந்தப் பையனை அனுப்பிடலாம்,” என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டார்.

நான் உதிரிபாகக் கடைகள் இருக்கிற ஜே.சி. ரோட்டுக்குப் போய் கம்ப்ரஸர் மூடியும் கேஸ்கெட்டும் வாங்கி வந்து மாட்டி முடிக்கப் பொழுது மத்தியானம் தாண்டிவிட்டது. ரேடியேட்டரிலிருந்த மஞ்சளை எத்தனை தடவை கழுவினாலும் வந்துகொண்டே இருந்தது. அண்ணன் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஹோஸைப் பிடித்துக்கொண்டார். ஆள் மாறியிருந்தார். நிறையப் பேசினார்.

சாப்பிடும்போது கேட்டேன். அக்காவுக்காகத்தான் கேட்டேன். “எஞ்சின் போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்கண்ணே? வித்திருப்பீங்களா?”

“விக்கறதா?” அவருக்குக் கேள்வியே புரியவில்லை. “படுத்த வண்டியை எவன் தலையில கட்டுவேன்? இரும்பு விலைக்குப் போடவா? எஞ்சினைப் பிரிச்சுப் புதுசா கட்டியிருப்பேன். கட்டின செலவை எடுக்க ஓட்டியாகணும். அது ஒரு ரெண்டு வருஷம். அதுக்குள்ள டயர் போகும். அப்புறம் அதுக்கு ஓட்டணும்.”

அக்கா கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

“இப்ப?” என்றேன்.

“இப்ப என்ன. வண்டி நல்லா இருக்கு. நல்லா இருக்கும்போது இறங்கினா வெக்கமில்ல.” சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். “இவ தம்பி ஓசூர்ல கூலிக்கு ஓட்டிக்கிட்டு கெடக்கறான். கேட்டுக்கிட்டே இருக்கான். குடுத்துடலாம்னு பார்க்கறேன்.”

“யாருக்கு? அவனுக்கா?” என்றார் அக்கா. “அவன் இருக்கற வேகத்துக்கு...”

“பார்த்தியா! குடுன்னு சொல்ற ஆளே தடுக்கறா பாரு தம்பி.”

“நான் எப்பங்க குடுன்னு சொன்னேன்?”

“நீ வாயால சொல்லல. தொப்பூர்லேர்ந்து மூஞ்சி அதைத்தான் சொல்லிக்கிட்டு வருது. நான் ரோட்டை மட்டுமா பார்க்கறேன்?” பிறகு மெதுவாகச் சொன்னார், “எனக்கும் பயந்தாண்டி. பக்கத்துல நீ உக்காந்திருக்கற வண்டி.”

அக்கா ரசத்தை எடுத்து அவர் தட்டில் ஊற்றினார். தேவைக்கு மேல் ஊற்றிவிட்டார். அவரும் அப்படியே தட்டைத் தூக்கிக் குடித்தார்.

மைத்துனர் மறுநாள் வந்து வண்டியை எடுத்துப்போவதாக போனிலேயே முடிவாயிற்று. பொழுது சாயும் முன் அக்கா கேபினைக் காலி செய்தார். அடுப்பும் சிலிண்டரும் என் தோளில். பாத்திர மூட்டை அவர் இடுப்பில். அண்ணன் பாயைச் சுருட்டித் தூக்கப் போனார்.

“அதை வைங்க. கனம்.”

“பாய்டி அது.”

“வைங்கன்னேன்.” தலையணையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். “இதைக் கொண்டு வாங்க.”

பின்தெருவில், கன்னடப் பள்ளிக்கூடத்தைத் தாண்டி அவர்கள் ரூம். அக்காவும் நானும் முன்னால் போனோம். அண்ணன் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பின்னால் வந்தார். எதிரே வந்த ஆட்டோவுக்கு லாரிக்காரர் மாதிரியே கையைக் காட்டி வழிவிட்டார். ரூம் பூட்டு துருப்பிடித்திருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டுத் திருகித் திறந்தேன். உள்ளே ஒரு ஜன்னல், வெறும் தரை, சுவரில் வேலூரில் இருக்கிற மகளின் கல்யாணப் படம். அக்கா பெருக்கி முடிக்கும்வரை நாங்கள் வாசலில் நின்றோம். முடிந்ததும் பாய் விரித்தார். அண்ணன் தலையணையைப் போட்டுப் படுத்தார். எழுந்து உட்கார்ந்தார். மறுபடி படுத்தார்.

“காலையில எழுந்து என்னடி பண்றது?”

“எழுந்திருக்காதீங்க,” என்றார் அக்கா. “தூங்குங்க.”

ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, எனக்குக் காப்பி போடுவதற்காக அடுப்பைத் தரையில் சமமான இடம் பார்த்து நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். கேபினில் அதற்கென்று ஒரே ஒரு இடம்தான் இருந்தது. இங்கே எங்கே வைப்பது என்று அவருக்குப் பிடிபடவில்லை. நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். உள்ளே அண்ணன் குறட்டை விட ஆரம்பித்திருந்தார். அக்கா அடுப்பை விட்டுவிட்டு, அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.